நீரும் மாதர் நலமும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைநாடு நீர்வளம் மிக்க நாடு. மகாவலி நதி நகரை வளைத்துக்கொண்டு ஓடுகின்றது. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அமைத்த வாவி நகரின் நடுவே கண்ணாடிபோற் கிடக்கின்றது. ஹந்தானை மலைச் சரிவிலும், தும்பறைப் பக்கத்துக் குன்றுகளிலும், ஹேவாஹெட்டைத் தோட்டங்களிலும் பாறை இடுக்குகளிற் கசிந்து வரும் ஊற்று நீரைப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். ஆண்டுதோறும் எசல பெரஹர நிறைவெய்தும்போது கெட்டம்பேத் துறையில் நீர் வெட்டு நடைபெறுகின்றது. அன்று குடங்களில் முகந்த மகாவலி நீரை அடுத்த ஆண்டு நீர் வெட்டு வரையிற் பக்தியோடு பேணி வைக்கிறார்கள். நீரைத் தெய்வமாக மதிக்கும் பூமி இது.

இத்தகைய பூமியிலே, காலை தொடங்கி மாலை வரையில் ஒரு குவளை நீரும் பருகாமல் உழைக்கின்ற பெண்கள் பலர் உளர் என்றால் அது வியப்பன்றோ? நீர் கிடையாமையால் அவர்கள் பருகாமல் இருப்பதில்லை. நீர் பருகினால் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதற்கு இடமில்லை. ஆதலினாலேதான் பருகுவதில்லை. தாகத்தை அடக்கிச் சிறுநீரையும் அடக்கும் இப்பழக்கம் பெண்ணின் உடல்நலத்தை, சிறப்பாக அவள் வாய்விட்டுச் சொல்ல நாணுகின்ற மறைவுறுப்புகளின் நலத்தை எவ்வாறு கெடுக்கின்றது என்பதும், அதனைக் காப்பதற்கு நீர் எவ்வளவு தூரம் உதவும் என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே தேயிலை மலைக்குச் செல்வோம். 1867ஆம் ஆண்டில், கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையிலே தேயிலை வர்த்தகப் பயிராக வேரூன்றியது அங்கேதான். அதன் பின்னர் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை எனக் குன்றுதோறும் தேயிலை பரவியது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறிக்கலாயினர். அவர்களுடைய மகளிரும் பேத்திமாரும் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகின்றனர்.

கொழுந்து பறிப்பவள் விடியுமுன் எழுகின்றாள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் பிள்ளைமடுவத்துக்கும் அனுப்பிவிட்டு மலைக்கு விரைகின்றாள். இடையிற் படங்கைக் கட்டி, முதுகிற் கூடையை மாட்டிக்கொண்டு செங்குத்தான சரிவில் நிற்கின்றாள். லயத்திலே மலசலகூடம் இருக்கலாம். அவள் நிற்கும் மலையிலே பெரும்பாலும் இல்லை. தேயிலைச் செடி இடுப்பளவே உயர்ந்தது. எதிர்ச்சரிவில் ஆள் நடமாட்டம். கங்காணியின் பார்வையும் உண்டு. அட்டையும் பாம்பும் பற்றிய அச்சமும் உண்டு. நிறுவைக்குள் கூடை நிறைய வேண்டுமே என்ற கவலை வேறு. ஆகவே, காலையிற் குடித்த அரைக் கோப்பைத் தேத்தண்ணீரோடு மத்தியானம் வரையிற் சமாளித்துக்கொள்ள அவள் கற்றுக்கொள்கின்றாள். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் தொழிற் பாடங்களில், ‘மலைக்குப் போகுமுன் அதிகம் தண்ணீர் குடியாதே’ என்பதும் ஒன்றாகிவிட்டது.

தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று இத்துன்பம். கண்டி நகரின் கடைவீதிகளிலே காலை முதல் இரவு வரையில் நின்றபடியே துணி விரித்துக் காட்டும் விற்பனைப் பெண்ணுக்கும் இது உண்டு. பஸ்ஸிலே கொழும்புக்குப் புறப்படும் பெண், வழியில் என்ன செய்வது என்றெண்ணி முதல் நாள் மாலையிலிருந்தே நீரைக் குறைத்துக்கொள்கின்றாள். பெரஹர பார்ப்பதற்காக நண்பகலிலேயே நடைபாதையில் இடம் பிடித்த தாய், எழுந்தால் இடம் போய்விடும் என்று நள்ளிரவு வரையில் நாவை உலர்த்திக்கொண்டிருக்கின்றாள். பாடசாலைச் சிறுமியோ, கூடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை என்பதற்காக, காலை ஏழரை மணியிலிருந்து பிற்பகல் ஒன்றரை மணி வரையில் அடக்கிக்கொண்டிருந்து, வீட்டுக்கு ஓட்டமாக ஓடுகின்றாள். இடம் வேறு, வயது வேறு, துன்பம் ஒன்றே.

இனி, உடலினுள்ளே நடப்பது என்ன என்பதைச் சற்று நோக்குவோம். மனித உடலில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவினது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டும் குருதிக்கே சென்றுவிடுகின்றது. எஞ்சிய ஒன்றரை லீற்றர் அளவானதே கழிவுப் பொருள்களைச் சுமந்துகொண்டு சிறுநீராக வெளியேறுகின்றது. நீரைக் குறைத்தால் சிறுநீரகம் தன் சிக்கனத்தை இன்னும் இறுக்கிக்கொள்ளும். சிறுநீர் அளவிற் குறைந்து, நிறத்தில் தடித்து, நெடி மிகுந்து, எரிச்சலூட்டும். உப்புகள் திரண்டு கல்லாவதற்கும் அது வழியாகும்.

சிறுநீரகத்திலிருந்து வரும் நீர் சலப்பையிலே தங்குகின்றது. வளர்ந்தவரின் சலப்பை 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். அங்கிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளமானது. பெண்ணுக்கோ ஏறத்தாழ 4 சென்ரிமீற்றரே. அதன் வாயில், பிறப்புறுப்புக்கும் மலவாயிலுக்கும் அண்மையில் அமைந்துள்ளது. பெருங்குடலிலே வாழும் ஒரு பற்றீரியா உண்டு. தியடோர் எஷரிக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1885இல் அதனை விவரித்தார். அவர் பெயராலேயே இன்று ஈ. கோலை என்று வழங்குகின்றது. குடலில் இருக்கும்வரை இந்நுண்ணுயிரின் பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை. அந்தக் குறுகிய வழியேறிச் சலப்பையை அடைந்துவிட்டால் நீர்க்கடுப்பை உண்டாக்கும். பெண்களுக்கு வரும் நீர்க்கடுப்பிற் பெரும் பகுதி இதனாலேயே வருகின்றது. பெண்களில் ஏறக்குறைய இருவருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆகவே, இது வந்தவள் ஏதோ தகாத காரியம் செய்துவிட்டாள் என்று எண்ணுவது பேதைமை. இது உடலமைப்பினால் வருவது. ஒழுக்கத்தினால் வருவது அன்று.

இவ்விடத்திலே நீரின் தொண்டு எளிதில் விளங்கும். வாய்க்காலில் நீர் தேங்கினால் பாசி படர்கின்றது. ஓடினால் பாசி பற்றுவதில்லை. சலப்பையும் அவ்வாறே. போதிய நீர் பருகி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழித்துவந்தால், உள்ளே நுழைந்த நுண்ணுயிர்கள் வேர்கொண்டு பெருகுமுன் கழுவி அகற்றப்படும். நீர் பருகாமலும், வந்ததை அடக்கியும் இருந்தால் அவை பெருகுவதற்கு வேண்டிய நேரத்தை வலியக் கொடுத்ததாகும்.

இது ஊகம் மட்டும் அன்று. பல்கேரியா நாட்டிலே ஓர் ஆராய்ச்சி நடைபெற்று, அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. அமெரிக்க வைத்திய அறிஞரான தோமஸ் ஹூட்டனும் அவருடைய துணைவரும் 140 பெண்களைத் தேர்ந்தெடுத்தனர். முந்திய ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீர்க்கடுப்பு வந்தவர்கள் அவர்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகவே பருகிவந்தவர்கள். ஒரு பாதியினர் வழக்கத்துக்கு மேலாக நாள்தோறும் ஒன்றரை லீற்றர் நீர் பருகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். மறு பாதியினர் பழைய வழக்கத்தையே தொடர்ந்தனர். பன்னிரண்டு மாதங்கள் கழிந்தபின் கணக்குப் பார்த்தபோது, மிகுதியாக நீர் பருகியவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை நோய் வந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை வந்திருந்தது. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. நுண்ணுயிரெதிரி மருந்து உண்ணவேண்டி வந்த தடவைகளும் அவ்வாறே குறைந்தன. விலை கொடுத்து வாங்காத வெறுந்தண்ணீர் செய்த வேலை இது.

ஆயினும், நேயர்களே, நீரின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்லிவிடுவதே நேர்மை. பெண்ணின் மறைவுறுப்பு நலம் முழுவதையும் நீர் ஒன்றே காத்துவிடும் என்று சிலர் கூறுவர். அது மிகைபடக் கூறலாகும். சலவழியும் பிறப்பு வழியும் அருகருகே இருப்பினும் இரண்டும் வேறு. அவற்றின் காவல் முறையும் வேறு. சலவழியைக் காப்பது நீரோட்டம். பிறப்பு வழியைக் காப்பதோ அங்கேயே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்க் கூட்டம். அல்பெர்ட் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மகப்பேற்று வைத்தியர் 1892இல் இவற்றைப் பற்றி எழுதினார். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரின் இனத்தைச் சேர்ந்த இவை ஒருவகைப் புளிப்பு அமிலத்தைச் சுரந்து, தீய கிருமிகள் தலையெடுக்காமல் தடுக்கின்றன. அவ்வழியின் இயல்பான ஈரத்தைப் பெரிதும் ஆள்வது ஈஸ்திரஜன் என்னும் சுரப்பு. உடல் வாடாதிருக்க நீர் வேண்டும் என்பது உண்மை. நீர் மட்டும் பருகி அந்தச் சுரப்பின் குறையை நிரப்ப இயலாது என்பதும் அவ்வளவு உண்மை.

வெள்ளைப்படுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுகின்ற பெண்கள் பலர். உடலின் சத்தெல்லாம் உருகிப் போகின்றது என்று எண்ணி ஏங்குவோரும் உளர். மாதத்தின் நடுப்பகுதியிலும் கருவுற்ற காலத்திலும் தெளிவாகவோ சற்று வெண்மையாகவோ, நாற்றமும் அரிப்பும் இன்றிக் கசிவது இயற்கையே. அதனால் எச்சத்தும் உருகிப் போவதில்லை. ஆனால், தயிர்த் திரளைபோல் வெளிப்பட்டு அரிப்பும் இருந்தால் அது பங்கசு நோயாகலாம். சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்துடன் வெளிப்பட்டால் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து மற்றவை பெருகியதைக் குறிக்கலாம். இவற்றுக்கு எத்தனை குடம் நீர் பருகினாலும் போதாது. வைத்தியரைக் காணவே வேண்டும்.

காவலாக இருக்கும் அந்த நல்ல நுண்ணுயிர்களைத் தாமே அழித்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. சுத்தம் என்ற பெயரால் உள்ளே நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், கிருமிநாசினி கலந்து கழுவுதல், வாசனைச் சவர்க்காரம் இடுதல் ஆகியன சுத்தமும் அல்ல, சுகமும் அல்ல. வெளிப்புறத்தைத் தூய நீரால் மென்மையாகக் கழுவினால் போதும். கழுவும்போதும் துடைக்கும்போதும் முன்னிருந்து பின்னாகச் செய்ய வேண்டும். பின்னிருந்து முன்னாகச் செய்தால் மலவாயிலின் கிருமியைச் சலவாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாகும். கணவனோடு கூடிய பின் சிறுநீர் கழித்துவிடுதல் நன்று. மழையில் நனைந்த உடையோடு நாள் முழுவதும் நிற்கும் தோட்டத்துப் பெண், வீடு சேர்ந்ததும் முதற் காரியமாக ஈர உடையை மாற்றி, உலர்ந்த பருத்தி உள்ளாடை அணிய வேண்டும். ஈரமும் வெப்பமும் சேருமிடத்திலே பங்கசு விரைந்து வளரும்.

பெண்ணின் வாழ்விலே நீரின் தேவை பருவத்துக்குப் பருவம் வேறுபடுகின்றது. பூப்பெய்திய சிறுமியிடம் மாதவிடாய் நாட்களில் தண்ணீரைக் குறைக்கும்படி சில வீடுகளிலே சொல்வதுண்டு. அது தவறு. அந்நாட்களிலும் வழக்கம்போலவே பருக வேண்டும். துணியையோ பஞ்சணையையோ நேரத்துக்கு மாற்ற வேண்டும்; அதற்கும் நீரும் கூடமும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கருவுற்ற தாய்க்கு எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். கரு வளர வளரக் கருப்பை சிறுநீர்க் குழாய்களை அழுத்துகின்றது. கருக்காலச் சுரப்புகளால் அக்குழாய்கள் தளர்கின்றன. ஆதலால் சிறுநீர் தேங்க நேருகின்றது. கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேர் வரையில், எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரிற் கிருமி இருப்பதுண்டு. அதனைக் கவனியாது விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிக் கடுங்காய்ச்சலை உண்டாக்கலாம்; குறைமாதப் பிரசவத்துக்கும் அது காரணமாகலாம். குடும்பநல மருத்துவ மாது கிளினிக்குக்கு வரும்படி அழைப்பதும், அங்கே சிறுநீரைச் சோதிப்பதும் வெறும் சடங்கன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் வகுத்த அளவின்படி, கருவுற்றவளுக்கு மற்றப் பெண்களைவிட நாளொன்றுக்கு 300 மில்லிலீற்றர் அளவும், பாலூட்டுபவளுக்கு 700 மில்லிலீற்றர் அளவும் மிகுதியாக வேண்டும். பச்சையுடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடாதே என்று தடுக்கும் பாட்டிமார் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம்.

மாதவிடாய் நின்ற பெண்ணின் நிலை வேறு. ஈஸ்திரஜன் குறைவதால் பிறப்பு வழியின் தோல் மெலிந்து உலர்கின்றது. நல்ல நுண்ணுயிர்களும் குறைகின்றன. நீர்க்கடுப்பு அடிக்கடி வருகின்றது. முதுமையிலே தாக உணர்ச்சியும் மங்கிவிடுவதால், உடல் வாடினாலும் நா கேட்பதில்லை. கண்டியின் குளிர்ந்த மார்கழிக் காலையிலே இளையவர்க்கே தாகம் தோன்றுவதில்லை. அறுபது வயதைக் கடந்தவருக்குக் கேட்க வேண்டுமா? தாகம் எடுத்துப் பருகுவோம் என்று அவர்கள் காத்திராமல், நேரம் வைத்துப் பருக வேண்டும். உலர்வும் எரிச்சலும் தொடர்ந்தால், வயதாகிவிட்டது என்று பொறுத்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதற்கெனப் பூசு மருந்துகள் இன்று உண்டு.

எவ்வளவு பருகுவது என்ற கேள்வி எழும். முன்னர் குறித்த அதிகாரசபை, வளர்ந்த பெண்ணுக்கு உணவிலும் பானத்திலுமாக நாளொன்றுக்கு 2 லீற்றர் என்று கூறுகின்றது. இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சோற்றிலும் சொதியிலும் காய்கனியிலும் கிடைத்துவிடும். மீதிக்கு 200 மில்லிலீற்றர் குவளையால் எட்டுக் குவளை. வெயிலிலும் சரிவிலும் உழைப்பவளுக்கு இன்னும் வேண்டும். அளவுகோல் ஒன்றைக் கையோடு இயற்கையே கொடுத்திருக்கின்றது. சிறுநீர் இளவைக்கோல் நிறமாக இருந்தால் போதிய நீர் பருகியிருக்கிறாள்; வெறுந்தேநீரின் சாயம்போல் இருந்தால் பருகவில்லை. எழுத்தறியாத பெண்ணும் வாசித்தறியத்தக்க அளவுகோல் இது.

தேநீரும் நீர்க்கணக்கிற் சேரும். எனினும், சலப்பை எரிச்சல் உள்ளவர்கள் கடுஞ்சாயத்தைக் குறைப்பது நன்று. இளநீர், மல்லித் தண்ணீர், நன்னாரி, சிங்கள மக்கள் ரணவரா என்று கூறும் ஆவாரம்பூக் குடிநீர் ஆகியவை மலைநாட்டு வீடுகளில் வழக்கிலுள்ளவை. சீனி குறைத்துப் பருகினால் இவை நல்ல பானங்களே. ஆனால், காய்ச்சலும் நடுக்கமும் வந்த பின்னும் மல்லித் தண்ணீரையே நம்பியிருத்தல் ஆகாது. பீலித் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும், மேட்டிலுள்ள லயங்களின் கழிவு அதிற் கலந்திருக்கக் கூடும். கொதிக்க வைத்து ஆறவிட்டே பருக வேண்டும். சலப்பையைக் காக்கப் புறப்பட்டு வயிற்றோட்டத்தை வாங்கிக்கொள்வதில் என்ன பயன்?

எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இருதய நோயும் முற்றிய சிறுநீரக நோயும் உள்ளவர்கள் வைத்தியர் குறித்த அளவுக்கு மேற் பருகலாகாது. நலமுள்ளவரும் குடம் குடமாகச் சிறிது நேரத்திற் குடித்தால் குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து தீங்கு நேரும். நாள் முழுவதும் பரவலாகப் பருகுவதே முறை.

நோய்க்குறிகளையும் அறிந்துவைத்தல் நன்று. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாக அடிக்கடி வருதல், அடிவயிற்று வலி, சிறுநீர் கலங்குதல் ஆகியவை நீர்க்கடுப்பின் அடையாளங்கள். இவற்றோடு காய்ச்சல், நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி சேர்ந்தால் நோய் சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சிறுநீரிற் குருதி கண்டாலும் தாமதிக்கலாகாது. கருவுற்றவளும் நீரிழிவு உள்ளவளும் சிறு எரிச்சலையும் அலட்சியம் செய்யலாகாது. அயல்வீட்டாள் உண்டு மிஞ்சிய மாத்திரையை வாங்கி உண்ணும் வழக்கம் கொடியது. அரைகுறையாக உண்ட மருந்துக்கு அடங்காமல் கிருமி வலுப்பெறும். அம்மருந்தே நல்ல நுண்ணுயிர்களை அழித்துப் பங்கசு நோயைக் கொண்டுவரவும் கூடும்.

கண்டியிலும் பேராதனையிலும் பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. சுற்றூர்களிலே சிறிய வைத்தியசாலைகள் உள்ளன. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 1996இல் தொடங்கப்பட்டு, சுவநாரி என்று வழங்கும் மகளிர் நலக் கிளினிக்குகளும் உண்டு. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு அங்கே நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். வேறெங்கும் சொல்லக் கூசும் குறையை அங்கே சொல்லலாம்.

சொல்லக் கூசுவதே இந்நோயின் பாதி. இலங்கையில் இக்கூச்சத்தை உடைக்கப் பாடுபட்டவர்களுள் மேரி ரத்தினம் என்னும் வைத்தியரை மறத்தலாகாது. கனடாவிலே 1873இல் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்டவர் அவர். பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைநூல் எழுதினார். பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பெண்களிடமே வெளிப்படையாகப் பேசினார். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவிக் கிராமத்துப் பெண்களை ஒன்றுசேர்த்தார். 1958இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. பெண்கள் கூடிப் பேசினால் பாதி நோய் விலகும் என்பதை அவர் தொண்டு காட்டிற்று.

ஆனால், பெண் அறிந்துகொண்டால் மட்டும் போதுமா? ‘நீர் பருகு’ என்று அவளுக்கு உபதேசம் செய்துவிட்டு, ஒதுங்கும் இடத்தைக் கொடாமல் விடுவது, நடக்கச் சொல்லிக் காலைக் கட்டுவது போலாகும். கேரளத்தின் கோழிக்கோட்டிலே, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதனை உணர்ந்தனர். நாள் முழுவதும் நிற்க வேண்டும், உட்கார இருக்கை இல்லை, மலசலகூடம் இல்லை, ஆகையால் தண்ணீர் பருகுவதையே நிறுத்திக்கொண்டனர், நோயும் உற்றனர். தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் பெண்மணி, ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் மூலம் அவர்களைத் திரட்டினார். பல்லாண்டுப் போராட்டத்தின் பயனாக 2018இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை வழங்கிற்று. தமிழ்நாடு 2021இல் அவ்வழியைப் பின்பற்றியது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் 2010 ஜூலை 28ஆம் நாள், குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று தீர்மானித்தது. ஒரு குவளை நீரும் ஒரு தாழ்ப்பாளும் பெண்ணுக்குக் காட்டும் தயவு அல்ல, அவள் உரிமை.

மலைநாட்டிலே இவ்வுரிமையை நிறைவேற்றப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கொழுந்து பறிக்கும் மலைக்கு அருகே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள எளிய கூடம் ஒன்று. கொதித்தாறிய நீர் நிறைந்த பாத்திரம் ஒன்று. நிறுவைக்கு வரும்போது நீர் பருகவும் ஒதுங்கவும் கால் மணி நேரம். தோட்ட நிருவாகத்தார் மனம் வைத்தால் ஆகும் காரியம் இது. கடை முதலாளிமார் விற்பனைப் பெண்ணுக்கு ஓர் இருக்கையும் ஓர் இடைவேளையும் கொடுத்தால் அவள் சுகவீன விடுமுறை குறையும். அதனால் வரும் இலாபம் முதலாளிக்கே. பாடசாலையிலே சிறுமியரின் கூடம் சுத்தமாகவும் தாழ்ப்பாளுடனும் இருக்கின்றதா என்று பார்ப்பது, கரும்பலகையைத் துடைத்து வைப்பதைவிட முக்கியமான வேலை. பாடம் நடக்கும்போது எழுந்து அனுமதி கேட்கும் சிறுமியை, ‘மணி அடிக்கட்டும்’ என்று இருத்திவைக்கும் ஆசிரியர், அவளுக்கு அடக்கத்தைக் கற்பிக்கவில்லை, நோயைக் கற்பிக்கின்றார்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் இதிற் பங்குண்டு. மனைவியோ தாயோ மகளோ முகம் வாடித் திரும்பும்போது, ஒரு குவளை நீரை எடுத்துக் கொடுப்பதற்கு எந்தச் சாத்திரமும் தடையில்லை. நீர்க்கடுப்பு என்று அவள் சொன்னால் முகஞ்சுளிக்காமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பயணம் புறப்படும்போது வழியில் எங்கே நிறுத்தலாம் என்பதை முன்னரே எண்ணிவைத்தால், அவள் முதல் நாளே நாவை உலர்த்திக்கொள்ள வேண்டியதில்லை.

பெண்களுக்குச் சொல்லக்கூடியது இதுவே: காலையில் எழுந்ததும் ஒரு குவளை, வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குவளை, கூடையிலோ பையிலோ ஒரு போத்தல், மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை ஒதுங்குதல், எரிச்சல் கண்டால் நாணாமற் சொல்லுதல். இடமில்லாத இடத்திலே, இடம் வேண்டும் என்று பலர் கூடிக் கேட்டல். ஒருத்தி கேட்டால் முணுமுணுப்பு. மலையிலுள்ள அத்தனை பேரும் கேட்டால் கோரிக்கை.

பிள்ளைக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் வார்த்துக் கொடுத்த பின்னரே தனக்கென்று குவளையைத் தொடும் பெண்கள் வாழும் நாடு இது. அக்குவளையிலே அவளுக்கும் ஒரு பங்கு நிறைந்திருக்கட்டும். அதை அச்சமின்றிப் பருகத்தக்க ஏற்பாட்டை மற்றவர்கள் செய்து வைக்கட்டும்.